நீலத்தில் மூழ்கி வந்த கடிதம்

பெட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தபால்காரர் அதை மற்ற தபால்களோடு பைக்குள் வைக்காமல், ஒரு பாலிதீன் கவரில் போட்டுத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அட்டைப்பெட்டியின் அடிமூலை ஒன்று நனைந்து உப்பி நீலமாகக் கிடந்தது. கவருக்கு அடியில் கொஞ்சம் மை தேங்கியிருந்தது.

“உள்ளே ஏதோ உடைஞ்சிருக்கும்மா. மத்தவங்க தபால்ல பட்டுடக் கூடாதுன்னு தனியா எடுத்துட்டு வந்தேன்” என்றார். அவருடைய மூன்று விரல் நுனிகள் நீலமாகியிருந்தன. பெட்டியை அப்படியே வாசலில் வைத்துவிட்டு, அவருக்குச் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தேன்.

அனுப்பியவர் என் கடித நண்பர். ஒன்பது வருடமாக எழுதிக்கொள்கிறோம், நேரில் பார்த்ததில்லை. எழுபதைத் தாண்டியவர். நான் அவரை ஐயா என்று அழைப்பேன். அவர் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று தொடங்கி எழுதுவார். போன வருடத்திலிருந்து அவருக்குக் கை நடுக்கம். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது, புட்டிகள் சும்மா கிடக்கின்றன, நீயாவது எழுது என்று சொல்லித் தன் அலமாரியிலிருந்து மூன்று மைப்புட்டிகளை எடுத்துத் தானே கட்டி அனுப்பியிருந்தார். ஒரு ராயல் ப்ளூ, ஒரு பழுப்பு, அப்புறம் அவர் வாழ்நாள் முழுக்க எழுதிய ப்ளூ பிளாக் அரைப்புட்டி. அவர் கையால் கட்டிய பெட்டி என்பதால்தான் அதைப் பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை.

உடைந்த பார்சல் வந்தால் முதல் ஆசை, உடனே கிழித்து உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதுதான். அந்த ஐந்து நிமிடத்தைத் தள்ளிப்போடுங்கள். நான் முதலில் பெட்டியை ஆறு பக்கமும் படம் எடுத்தேன். முகவரிச் சீட்டையும் நனைந்த மூலையையும் கிட்டத்தில் வைத்துத் தனியாக எடுத்தேன். பிறகு ஓர் ஆழமான பிளாஸ்டிக் தட்டில் வைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, நனையாத பக்கமாக டேப்பை வெட்டினேன். பெட்டியைக் கவிழ்க்கவே கூடாது. தேங்கி நிற்கும் மை எங்கே பாயும் என்று சொல்ல முடியாது, அதோடு கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்து வரும். மேலே இருக்கும் அடைப்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு படம்.

ராயல் ப்ளூ புட்டிதான் உடைந்திருந்தது. சதுரப் புட்டி. அடிப்பாகம் ஒரு தட்டு மாதிரி தனியாகக் கழன்றுவிட்டது. மேல்பாகம் மூடியோடு முழுசாக நின்றது. பழுப்பு மைப் புட்டி உடையவில்லை. ஆனால் மூடி வழியாகக் கசிந்து மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ப்ளூ பிளாக் புட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தபோது எனக்கு மூச்சு வந்தது.

உடைந்த புட்டியின் அடித்தட்டில் இன்னும் கொஞ்சம் மை நின்றிருந்தது. வடிகட்டி எடுத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொல்வார்கள். நான் மாட்டேன். கண்ணுக்குத் தெரியும் சில்லுகள் வடிகட்டியில் நிற்கும். ஆனால் உடைந்த கண்ணாடியில் தூள் மாதிரியும் இருக்கும். ஊற்றுப் பேனாவின் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையில் மை இறங்கும் பள்ளங்கள் மயிரிழை அகலம்தான். மையைத் தானே உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும் பிஸ்டன் பேனா என்றால் உள்ளே ரப்பர் மாதிரியான அடைப்பான் மேலும் கீழும் உரசிக்கொண்டே இருக்கிறது. அங்கே ஒரு துகள் போனால் பேனா கெடும். சில மில்லி மையை மிச்சம் பிடிக்கப் பேனாவைப் பணயம் வைக்க வேண்டாம். கண்ணாடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, தடித்த தாளில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித்தான் குப்பைக்குக் கொடுத்தேன். குப்பை அள்ளுகிறவர் கையையும் நினைக்க வேண்டும்.

கசிந்த புட்டி வேறு கதை. கண்ணாடியில் விரிசல் இல்லை என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டால் அந்த மை நல்ல மைதான். விளிம்பையும் மூடியின் மரையையும் துடைத்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூடி மட்டும் உடைந்திருந்தால் வேறு சுத்தமான புட்டிக்கு மாற்றலாம். ஆனால் வேறு மை இருந்த புட்டியில் கழுவாமல் ஊற்றக் கூடாது. இரண்டு மை கலந்தால் சில நேரம் வண்டலாகத் திரிந்துவிடும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் கடிதத்தைப் பார்த்தேன்.

பெட்டியின் அடியில், புட்டிகளுக்குக் கீழே, நான்காக மடித்து வைத்திருந்தார். இரண்டு தாள். ஒட்டுமொத்தமாக நீலம். எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மடிப்பைப் பிரிக்கப் போனால் தாள் கிழிந்துவிடும் போல இருந்தது. கை நடுங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம் என்று அவர் எழுதியது. புட்டி உடைந்ததற்கு வராத அழுகை அப்போது வந்தது.

என் கண் முன்னால் ப்ளீச் டப்பா இருந்தது. தட்டைக் கழுவ எடுத்து வைத்தது. ராயல் ப்ளூவில் ப்ளீச் பட்டால் நொடியில் நிறம் போய்விடும் என்று தெரியும். இரண்டு சொட்டு நீரில் கலந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நல்லவேளை, அவர் எந்த மையில் எழுதுவார் என்பது நினைவுக்கு வந்தது.

அவர் எழுதுவது மாசிக்காய் மையில். நவீனப் புட்டியில் வருகிற ப்ளூ பிளாக்தான், ஆனால் எல்லா ப்ளூ பிளாக்கும் இந்த வகை கிடையாது. மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்ந்த பழைய முறைதான் இதற்கு அடிப்படை. நூற்றாண்டுகளாகப் பத்திரங்களையும் பதிவேடுகளையும் எழுதிய மை இது. எழுதும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்கும், அப்போது அதற்கு நிறமே குறைவு. எழுதுவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்றுதான் நீலச் சாயம் சேர்க்கிறார்கள். தாளில் இறங்கிக் காற்றுப் பட்ட பிறகு இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு நிலைக்கு மாறும். துவர்ப்புச் சத்தோடு பிணைந்து, தண்ணீரில் கரையாத கறுப்பாகத் தாளின் நாருக்குள்ளேயே நின்றுவிடும். உடனே நடக்காது. நாள் ஆக ஆகக் கறுக்கும்.

கடிதம் எழுதிய தேதியை அவர் பெட்டியின் மேல்பக்கமும் எழுதியிருந்தார். அது நனையவில்லை. எழுதி 12 நாள் ஆகியிருந்தது. பார்சல் தாமதமாகிறதே என்று நான் வாரம் முழுக்கக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாமதத்தில்தான் அவர் எழுத்து கறுத்து இறுகியிருக்கிறது.

மேலே கொட்டிய ராயல் ப்ளூவோ கழுவினால் போகும் சாயம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே அப்படிச் செய்கிறார்கள். பெலிகன் 4001 ராயல் ப்ளூ மாதிரியான மைகளை அழிப்பான் பேனாவால் தடவியே நிறம் போக்கிவிடலாம். எனக்கு வேண்டியது ப்ளீச் இல்லை, வெறும் தண்ணீர். ப்ளீச் ஊற்றியிருந்தால் நீலச் சாயத்தோடு அவர் எழுத்தின் கறுப்பும் சிதைந்து, துரு நிறத்தில் மங்கலான கோடுகள்தான் மிஞ்சியிருக்கும். தாளும் நைந்திருக்கும்.

அகலமான தட்டில் குளிர்ந்த நீர் ஊற்றி, ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் கடிதத்தை வைத்து மெதுவாக உள்ளே இறக்கினேன். ஈரத் தாளைத் தனியாகத் தூக்கக் கூடாது, தன் எடையிலேயே கிழிந்துவிடும். அடியில் ஒரு தாங்கல் வேண்டும். தண்ணீர் உடனே நீலமானது. ஓரமாகச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புது நீர். கடிதத்தின் மேல் நேராக ஊற்றாமல் தட்டின் ஓரத்தில் ஊற்றினேன். மூன்றாவது தடவை நீர் மாற்றியபோது மடிப்புகள் தாமாகவே தளர்ந்தன. ஒரு தட்டையான மரக்குச்சியை நுழைத்து மடிப்பைப் பிரித்தேன். ஐந்தாவது தடவை, நீலத்துக்கு அடியில் ஒரு ‘அ’ தெரிந்தது. பிறகு ‘ன்’. அன்புள்ள அம்மாவுக்கு.

மொத்தம் பதினோரு தடவை நீர் மாற்றினேன். அவர் மையில் இருந்த நீலச் சாயமும் அதோடு போய்விட்டது. மிஞ்சியது சாம்பல் கலந்த கறுப்பில் ஒல்லியான கோடுகள். ஒவ்வொரு எழுத்தும் இருந்தது. கை நடுங்கி வளைந்த இடங்கள்கூட அப்படியே இருந்தன. தாள் முழுக்க வெளிர் வானத்து நீலம் ஒட்டிக்கொண்டுவிட்டது, அது போகவில்லை. ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான அகராதியை வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒற்றுத்தாளை மாற்றிக் காய வைத்தேன்.

கடிதத்தில் அவர் எழுதியிருந்தது எங்கள் இருவருக்கும் உள்ளது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எந்த மையை எந்தத் தாளில் எழுத வேண்டும், ப்ளூ பிளாக் ஊற்றிய பேனாவை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அமிலத்தன்மை உள்ள மை, காய்ந்து போக விட்டால் பேனாவுக்குள் இறுகிவிடும், மாதம் ஒரு முறையாவது கழுவு என்று அடிக்கோடு போட்டிருந்தார். அந்தக் கோடும் நேராக இல்லை.

கறை விஷயம் கேட்டுச் சிலர் எழுதுவார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். எந்த மை கொட்டியது என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். துணி என்றால் முதலில் குளிர்ந்த நீர், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுப்பது. தேய்க்கக் கூடாது, வெந்நீர் கூடாது, கறை போகும் வரை இஸ்திரி போடவே கூடாது. சாதாரணச் சாய மை பெரும்பாலும் இதிலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும். நூட்லர்ஸ் நிறுவனத்தின் பேஸ்டேட் ப்ளூ எதைத் தொட்டாலும் கறையாக்கும் என்று பெயர் வாங்கியது, ஆனால் நீர் கலந்த ப்ளீச்சுக்கு அடங்கிவிடும். அதே நிறுவனத்தின் ‘புல்லட் ப்ரூஃப்’ வகை நேர் எதிர். அது தாவர நாரோடு பிணைந்துகொள்ளும், ப்ளீச்சுக்கும் அசையாது. பருத்தித் துணியில் பட்டால் விட்டுவிட வேண்டியதுதான், கண்ணாடியிலிருந்தோ டைல்ஸிலிருந்தோ துடைத்து எடுத்துவிடலாம். பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ மாதிரியான நிறமி மைகள் (சாயம் கரைந்திருக்காமல் நுண்ணிய நிறத்தூள் மிதப்பவை) ஈரமாக இருக்கும்போது கழுவினால் உண்டு, காய்ந்தால் இல்லை. மாசிக்காய் மையின் கறைக்கு ப்ளீச் போட்டால் துருக்கறையாக மாறும். அதற்கு எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலமோ, வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்த நீரோ வேலை செய்யும். ஒன்றே ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: ப்ளீச்சோடு அமிலத்தையோ அமோனியாவையோ சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். ஒன்றைப் போட்டுப் பார்த்தது சரிவரவில்லை என்றால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு நாள் அடுத்ததை முயலுங்கள். கையில் பட்ட மைக்கு எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சில நாளில் தோலோடு போய்விடும்.

அன்று சாயங்காலம் ஐயா போன் செய்தார். “வந்துதாம்மா?” என்றார்.

வந்தது என்றேன். உடைந்ததைச் சொல்லாமல் விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் ஒன்பது வருடத்தில் ஒரு பொய் எழுதியதில்லை, சொன்னதில்லை. சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நான்தான் சரியாக் கட்டலை. டேப்பை இழுத்துப் பிடிக்கக் கை நிக்கலை” என்றார். அதுதான் எனக்குப் பெரிய வலி. ப்ளூ பிளாக் பத்திரமாக இருக்கிறது, கடிதம் படிக்க முடிகிறது என்று சொன்னதும், “கடிதம் நனைஞ்சுதா? அப்புறம் எப்படிம்மா படிச்சே?” என்று கேட்டார். தண்ணீரில் போட்டுக் கழுவியதைச் சொன்னேன். “ஆமாம், அந்த மை போகாது” என்று சொன்னபோது அவர் குரலில் பழைய தெம்பு கொஞ்சம் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை சேர்ந்தது. மைப்புட்டியை எப்படிக் கட்டினால் உடையாது என்பதை நானே கண்டுபிடித்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அவர் பெட்டியையே படித்தேன். எறியாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. ராயல் ப்ளூவையும் பழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே பபிள் ராப்பில் சுற்றியிருந்தார். ப்ளூ பிளாக்கைத் தனியாக ஒரு துணியில் சுற்றியிருந்தார். உடைந்தது எது, பிழைத்தது எது என்று பாருங்கள். பெட்டி மூலையில் விழுந்திருக்கிறது. அந்த அதிர்ச்சியில் ஒரு கண்ணாடி இன்னொரு கண்ணாடியை அடித்திருக்கிறது. கண்ணாடியை அழுத்தினால் தாங்கும், இழுவைக்குத் தாங்காது. மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறலிலிருந்து விரிசல் ஓடிவிடும். பக்கச்சுவர் அடியோடு சேரும் வளைவில், சதுரப் புட்டியாக இருந்தால் மூலைகளில், அந்த இழுவை குவியும். அடித்தட்டு தனியாகக் கழன்று வந்தது அதனால்தான்.

விழாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இல்லை. ‘உடையும் பொருள்’ என்று சிவப்பில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பிரிக்கும் இடத்தில் பெட்டி பெல்ட்டில் ஓடுகிறது, சரிவில் வழுக்கி இறங்குகிறது, மற்ற பெட்டிகள் அதன்மேல் வந்து விழுகின்றன. இயந்திரம் ஒட்டிய சீட்டைப் படித்துக் கருணை காட்டாது. ஆகவே விழும் என்றே வைத்துக்கொண்டு கட்ட வேண்டும்.

எவ்வளவு உயரத்திலிருந்து? பார்சல் சோதனைக்கு விதிமுறைகள் வகுக்கும் இஸ்டா என்ற அமைப்பின் 1ஏ சோதனையில், சுமார் 9.5 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள். ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். 76 செ.மீ. என்பது கிட்டத்தட்ட ஒரு மேஜை உயரம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்தக் கணக்குதான் என் கண்ணைத் திறந்தது. மையோடு 200 கிராம் இருக்கும் புட்டி 76 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது. தரையைத் தொட்ட பிறகு அது 1 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், விழுந்த உயரத்துக்கும் நின்ற தூரத்துக்கும் உள்ள விகிதம் 760. அதாவது புட்டி தன் எடையைப் போல 760 மடங்கு விசையைச் சராசரியாகத் தாங்க வேண்டும். 152 கிலோ எடையை அந்தச் சின்னப் புட்டியின்மேல் ஏற்றி வைத்த மாதிரி. அதே புட்டி 2 செ.மீ. அமுங்கி நின்றால் 38 மடங்கு, 7.6 கிலோதான். விழுந்த உயரம் அதே, வேகம் அதே. நிற்பதற்கு எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பது மட்டும்தான் வித்தியாசம். பபிள் ராப்பை இறுக்கி இறுக்கிச் சுற்றினால் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமுங்கவே முடியாமல் இறுக்கினால் அது கல் மாதிரி ஆகிவிடும். அமுங்கவும் வேண்டும், ஆனால் புட்டி உள்ளே உருளவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கட்டுகிறவரின் கை பேச வேண்டும்.

காலிப் புட்டிகள் என்னிடம் நிறைய இருந்தன. அவற்றில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றி, விதவிதமாகக் கட்டி, மேஜையிலிருந்து பத்துப் பத்து முறை போட்டேன். முழுச் சோதனையில் அதிர்வுச் சோதனையும் உண்டு, அதற்கு என்னிடம் வழி இல்லை. ஆறு புட்டி உடைந்தது. உடைந்த ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக் குறித்து வைத்தேன். புட்டிகள் ஒன்றையொன்று தொட்ட கட்டுகள் முதலில் போயின. அடுத்து, பெட்டியின் மூலையை ஒட்டி இருந்தவை. உதிரித் தெர்மாகோல் உருண்டைகளை மட்டும் நிரப்பியதில் கனமான புட்டி மெல்ல மெல்ல அடியில் இறங்கிவிட்டது. ஏழாவது தடவை உடைந்தது.

உடைவதைவிடக் கசிவது அதிகம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. விமானத்தில் போகும் பார்சலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போலக் குறையலாம், அதாவது தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. புட்டிக்குள் அடைபட்ட காற்று விரிய முயன்று மையை மூடிப் பக்கம் தள்ளும். மூடிக்குள் இருக்கும் மெல்லிய வட்டத் தக்கை சரியாக உட்காரவில்லை என்றால் போச்சு. குளிர்ப் பிரதேசத்துக்கு அனுப்பினால் வேறு தொல்லை. மை என்பது பெரும்பகுதி தண்ணீர்தான். தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். கழுத்து வரை நிரப்பிய புட்டிக்குப் பருக்க இடமில்லை. பெட்டியில் ஒரு கசங்கல்கூட இல்லாமல் புட்டி மட்டும் வெடித்திருந்தால் இதையும் சந்தேகிக்கலாம். கடுங்குளிர் மாதங்களில் மை அனுப்பாமல் இருப்பதே நல்லது.

இப்போது நான் கட்டும் முறை இது. மூடியை இறுக்கி ஒரு நாள் விட்டு மறுபடி இறுக்குகிறேன், தக்கை அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இழுத்துச் சுற்றுகிறேன், மூடி எந்தப் பக்கம் திருகினால் இறுகுமோ அந்தப் பக்கமாக. மாற்றிச் சுற்றினால் டேப்பே மூடியைத் தளர்த்திவிடும். பிறகு ஒரு மடிப்புப் பழைய பருத்தித் துணி. கசியும் மையை உறிஞ்சிக்கொள்வதற்கு. அதோடு ஜிப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு ஜிப் பைக்குள். ஒவ்வொரு புட்டிக்கும் தனித்தனி. அதற்கு மேல் பபிள் ராப், குமிழ்கள் உள்பக்கம் பார்க்க, மூன்று சுற்று. இதைப் புட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ. இடைவெளி இருக்கும் பெரிய பெட்டிக்குள் வைக்கிறேன். இடைவெளியில் கசக்கிய தடித்த தாள். மூடுவதற்கு முன் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தமும் கேட்கக் கூடாது, கைக்கு ஒரு அசைவும் தெரியக் கூடாது. பெட்டியின் நடு இணைப்பிலும் இரண்டு ஓரங்களிலும் டேப். இந்தக் கட்டு பத்து முறை விழுந்தும் தாங்கியது. மூன்று புட்டிகளை வைத்து மூன்று முறை பார்த்தேன்.

கடிதத்தைத் தனியாக ஒரு ஜிப் பையில் போட்டு, பெரிய பெட்டியின் மேல்பக்கம் வைக்கிறேன். புட்டிக்குக் கீழே ஒருபோதும் வைப்பதில்லை.

புட்டியின் அழகுக்கும் பயணத்துக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். பைலட் நிறுவனத்தின் இரோஷிசுகு மைப்புட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தடித்த கண்ணாடி, அடியில் கடைசிச் சொட்டு வரை எடுக்க ஒரு குழி. ஆனால் கனம் கூடக் கூட விழும்போது அதன் எடையே அதற்கு எதிரி. டயமைன் நிறுவனத்தின் 30 மில்லி பிளாஸ்டிக் புட்டியைப் பார்த்து அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் தபாலில் போக அதைவிட நல்லது இல்லை. கடையிலிருந்து வாங்கும்போது அந்த அளவு கிடைத்தால் அதையே வாங்குகிறேன். நண்பர்களுக்கு அனுப்பும்போது சிறு பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி அனுப்புகிறேன்.

விலை கொடுத்து வாங்கியது உடைந்து வந்தால் பேச்சு எளிது. படங்களோடு அன்றைக்கே விற்றவருக்கு எழுதுங்கள். வெளிப்பெட்டி, முகவரிச் சீட்டு, உள் அடைப்பு, உடைந்த நிலை, இந்த நான்கு படமும் இருந்தால் நல்ல விற்பனையாளர் மறுபேச்சுப் பேச மாட்டார். இழப்பீடு கேட்கும் இடத்தில் ‘உள்ளே சரியாகக் கட்டவில்லை’ என்ற கேள்விதான் முதலில் வரும். அதனால் விஷயம் முடியும் வரை பெட்டியையும் அடைப்பையும் எறிய வேண்டாம். ஒரு பாலிதீன் பையில் கட்டி ஓரமாக வைத்தால் போதும். கோபமாக எழுதத் தேவையே இல்லை, எனக்கு அப்படி எழுதி எதுவும் சீக்கிரம் கிடைத்ததில்லை. ஐயா அனுப்பியதற்கு நான் எதுவும் கேட்கப் போகவில்லை. அதில் நான் இழந்தது காசாகத் திரும்பி வரக்கூடியது இல்லை.

ஒரு மாதம் கழித்து அவருக்கு ஒரு பார்சல் அனுப்பினேன். அவர் தந்த ப்ளூ பிளாக்கில் பாதியை ஒரு சிறு பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, மேலே சொன்ன மாதிரியே கட்டி. கூடவே பிடிமானம் தடித்த ஒரு பேனா. நடுங்கும் கைக்குத் தடித்த பேனாவை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை என்று படித்திருந்தேன். எழுதுங்கள், நான்கு வரி போதும், ஒரு பக்கம் வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். தாளை எழுதிய பிறகு ஐந்து நாள் மேஜையிலேயே வைத்திருந்துவிட்டுத்தான் பெட்டியை மூடினேன்.

போன் வந்தது. “பிரிக்கவே கால் மணி நேரம் ஆச்சும்மா. பேத்தியைக் கூப்பிட்டுக் கத்திரிக்கோல் வாங்கினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தலை” என்றார்.

நேற்று உறை வந்தது. சரியாக நான்கு வரி. நான்காவது வரி கீழே இறங்கித் தாளின் ஓரத்தில் முடிகிறது. வரும் வழியிலேயே நன்றாகக் கறுத்துவிட்டிருந்தது. வெளிர் நீலமாகிப்போன அந்தப் பழைய கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றுத்தாள்.